ஒரு பூச்சியிடம் கேட்ட துஆ

சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊர் வந்திருந்த என் தமக்கை மகன், அஸர் தொழுதுவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த என்னிடம் தன் கைப்பேசியை நீட்டி, "மாமா, இந்தப் பாட்டைக் கேளுங்கள். எந்த மொழி என்று சொல்லுங்கள், பார்ப்போம்" என்றான். அவன் பல்லாண்டுகளாகக் கோலாலம்பூரில் பணிபுரிபவன். பெண்கள் இருவர் ஒரே குரலாய்ப் பாடிக்கொண்டிருந்தனர். திரையில் தெரிந்த எழுத்துகள் ஜப்பானிய எழுத்துகள். ஆனால் பாட்டினிடையே ஒரு சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'டோஆ' என்றது அச்சொல். முப்பது ஆண்டுகளாக அரபு இலக்கணம் சொல்லிக்கொடுத்து வருபவனுக்கு அதனை இனங்காண எவ்வளவு நேரமாகும்? தால், ஐன், வாவ் என்னும் மூன்றெழுத்து வேரில் பிறந்து, அழைத்தல் என்னும் அடிப்பொருளைத் தாங்கி நிற்கும் நம் 'துஆ'தான் அது. அதனையொட்டி வந்த மற்றொரு சொல்லின் நடுவே 'சக்தி' ஒலித்தது. முன்னும் பின்னும் ஒட்டுகள் சேர்ந்து 'கெஸக்தியான்' என்று ஆகியிருந்தது.

"மலாய் போலிருக்கிறதே" என்றேன். "இந்தோனேசிய மொழி, மாமா. ஆனால் படம் ஜப்பான் படம். ஒரு பெரிய பூச்சியைக் கூப்பிடுகிற பாட்டு" என்றான்.

பூச்சியிடம் துஆக் கேட்பதா என்னும் வினாவை வாசகர்கள் எழுப்புமுன் நானே எழுப்பிவிடுகிறேன். அதற்கு விடை நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதனை மீண்டும் எழுதித் தாளை வீணாக்க வேண்டியதில்லை. என்னை உறுத்தியது வேறொன்று. அரபு மண்ணில் பிறந்த ஒரு சொல்லும் வடமொழியிற் பிறந்த ஒரு சொல்லும் கைகோத்துக்கொண்டு, 1961-ஆம் ஆண்டில் தோக்கியோ நகரத்துத் திரைப்படக் கூடத்திற்குள் எவ்வாறு நுழைந்தன? அவ்வினாவைத் தொடர்ந்து சென்றபோது தென்பட்டவற்றையே இங்கு எழுதுகிறேன். திரைப்படத்தைப் பற்றி இப்பக்கங்களில் எழுதுவதா என்று முகம் சுளிப்போர் இருப்பர். இது திரைப்பட விமர்சனம் அன்று. வரலாறு சில வேளைகளில் எதிர்பாராத வாயில் வழியாக வருகிறது, அவ்வளவே.

அப்படத்தின் பெயர் 'மோஸுரா'. அந்துப்பூச்சியைக் குறிக்கும் 'மாத்' என்னும் ஆங்கிலச் சொல்லோடு, அதற்கு முன் பெயர்பெற்றிருந்த 'கோஜிரா' என்னும் பெரும் விலங்கின் பெயரிலுள்ள இறுதி எழுத்தைச் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. கோஜிராவையே உலகம் காட்ஸில்லா என்று அறியும். கோஜிரா அழிக்க வந்தது. மோஸுராவோ காக்க வந்தது. ஒரு சிறு தீவின் மக்களுக்குக் காவலாக முட்டைக்குள் உறங்கிக் கிடக்கும் பூச்சி, அவர்களுக்குத் தீங்கு நேர்ந்தபோது முட்டையை உடைத்துக்கொண்டு புழுவாய் வெளிப்பட்டுக் கடலை நீந்திக் கடக்கிறது. பின்னர்க் கூடு கட்டி, சிறகு முளைத்துப் பறக்கிறது.

பட்டுப்புழுவைக் காவல் தெய்வமாக்கும் எண்ணம் ஜப்பானியர்க்கு எங்கிருந்து வந்தது என்று வியக்க வேண்டியதில்லை. அந்நாட்டின் பட்டு வளர்க்கும் சிற்றூர்களில் பட்டுப்புழுவை வெறும் பெயரால் சொல்வதில்லை. முன்னும் பின்னும் மரியாதை அடைகள் சேர்த்து 'ஓ-கைகோ-ஸாமா' என்பர். மாமன்னர் மெய்ஜி காலத்தில், 1872-இல், பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தைக் கொண்டு தோமியோகாவில் அரசு பட்டு நூற்பாலை நிறுவியது. அதன்பின் பல பத்தாண்டுகள் ஜப்பான் பிற நாடுகளிடம் பொறிகளும் போர்க்கலங்களும் வாங்கச் செலவிட்ட செல்வத்தில் பெரும்பங்கு இப்புழுவின் வாயிலிருந்து வந்ததே.

படத்தின் மூலக்கதையைத் திரைத்துறையினர் எழுதவில்லை. நகாமுரா ஷின்இச்சிரோ, ஃபுகுநாகா தகேஹிக்கோ, ஹொத்தா யோஷிஎ என்னும் மூவர் ஆளுக்கொரு பகுதியாக எழுதினர். 1961 ஜனவரியில் 'ஷூகான் அஸாஹி' வார இதழின் தனி வெளியீட்டில் அது வந்தது. மூவரும் விளையாட்டுக்கு எழுதுவோர் அல்லர். பிரெஞ்சு இலக்கியத்தில் ஊறிய, மதிப்புமிக்க எழுத்தாளர்கள். இவர்களுள் ஹொத்தாவை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். 1945-இல் ஜப்பான் சரணடைந்தபோது அவர் ஷாங்காய் நகரில் இருந்தார். தோற்ற நாட்டின் குடிமகனாக, தம் நாடு சிதைத்த மற்றொரு நாட்டின் மண்ணில் நின்று அந்நாளைக் கண்டவர். 1956 இறுதியில் தில்லியில் ஆசிய எழுத்தாளர் மாநாடு கூடியபோது ஜப்பானிலிருந்து வந்து கலந்துகொண்டார். அப்பயணத்தின் விளைவாக, இந்தியாவில் தாம் எண்ணியவற்றைத் தொகுத்து 1957-இல் நூலாக வெளியிட்டார். ஆசிய, ஆப்பிரிக்க எழுத்தாளர் இயக்கத்தில் அவர் ஈடுபாடு அதன் பின்னும் நெடுநாள் தொடர்ந்தது. மோஸுரா தோக்கியோ வளைகுடாவிற்குள் நுழையும் மூன்றாம் பகுதியை எழுதியவர் இவரே.

இனி, தீவு. படத்தில் அதன் பெயர் 'இன்ஃபன்ட்', அதாவது குழந்தைத் தீவு. யாரும் வாழவில்லை என்று கருதி 'ரோலிசிகா' என்னும் வல்லரசு அங்கு அணுகுண்டுச் சோதனை நடத்துகிறது. ரஷ்யாவையும் அமெரிக்காவையும் குழைத்து உருட்டிய பெயர் ரோலிசிகா என்பதை ஜப்பானியப் பார்வையாளர் உடனே புரிந்துகொண்டிருப்பர். சூறாவளியில் அத்தீவின் கரையில் ஒதுங்கிய கப்பலோட்டிகள் மீட்கப்படும்போது அவர்கள் உடலில் கதிர்வீச்சு நோய் ஏதுமில்லை. காரணம் கேட்டால், தீவு மக்கள் ஒரு செந்நிறச் சாறு கொடுத்தனர் என்கிறார்கள். யாருமில்லை என்று சொல்லப்பட்ட தீவில் மக்கள் இருக்கிறார்கள் என்னும் உண்மை அப்போதுதான் வெளிவருகிறது.

இவ்விடத்தில் கதையை நிறுத்திவிட்டு, நடந்ததைச் சொல்ல வேண்டும். 1954 மார்ச் 1-ஆம் நாள் மார்ஷல் தீவுக்கூட்டத்தின் பிகினியில் அமெரிக்கா வெடித்த நீரகக் குண்டின் ஆற்றல் 15 மெகாடன். எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு. வெளியேறச் சொல்லப்பட்ட எல்லைக்கும் அப்பால் மீன்பிடித்துக்கொண்டிருந்த 'ஐந்தாம் எண் நற்பேற்று நாகம்' என்னும் ஜப்பானியப் படகின்மீது வெண்சாம்பல் பனிபோல் பெய்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்று, இரு வாரங்களில் யாய்ஸு துறைமுகம் சேர்ந்தனர். படகின் வானொலி இயக்குநர் குபோயாமா ஐகிச்சி செப்டம்பர் 23 அன்று இறந்தார். அவருக்கு வயது 40. அமெரிக்க அரசு 1955 ஜனவரியில் 20 இலட்சம் டாலர் கொடுத்தது. சட்டப்படி பொறுப்பேற்றுக்கொள்ளாமல், கருணைத் தொகையாகக் கொடுத்தது என்பதை வாசகர்கள் கருத வேண்டும். தோக்கியோவின் சுகினாமி வட்டாரத்துப் பெண்கள் முன்னின்று தொடங்கிய குண்டு எதிர்ப்புக் கையொப்ப இயக்கம் நாடெங்கும் பரவி, அடுத்த ஆண்டிற்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. கோஜிரா படம் வெளிவந்ததும் அதே 1954-இன் நவம்பரில்தான்.

படகிலிருந்த ஜப்பானியரின் பெயர்கள் உலகிற்குத் தெரிந்தன. அதே சாம்பல் ரோங்கெலாப் தீவின்மீதும் விழுந்தது. அங்குள்ள பிள்ளைகள் அஃது என்னவென்று அறியாமல் அதில் விளையாடினர். இரண்டு நாட்கள் கழித்தே அவர்களை அங்கிருந்து கொண்டுபோயினர். 1957-இல், இனி அச்சமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினர். நோய்களைக் கண்டு அஞ்சி, 1985-இல் அம்மக்கள் தாமே தீவைவிட்டு வெளியேறினர். 1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் நடந்த அணுச் சோதனைகள் 67. கதையில் தீவு மக்களிடம் நோய் தீர்க்கும் செந்நிறச் சாறு இருந்தது. ரோங்கெலாப் மக்களிடம் இருந்ததெல்லாம் சாம்பல் விழுந்த தண்ணீர்தான்.

மீண்டும் கதைக்கு வருவோம். தீவிற்குச் செல்லும் ஆய்வுக் குழுவில் ச்சூஜோ என்னும் மொழியறிஞர் ஒருவர் இருக்கிறார். ஒரு சாண் உயரத்திற்குச் சற்று மிகுந்த இரு சிறு பெண்களைக் கண்டு, அவர்கள் மொழியையும் தீவின் கல்லெழுத்தையும் புரிந்துகொள்ள முயல்பவர் அவரே. (மூலக்கதையில் இச்சிறு பெண்கள் நால்வர், படத்தில் இருவர். 'தி பீனட்ஸ்' என்னும் பெயரில் புகழ்பெற்றிருந்த இரட்டைப் பாடகியரான இத்தோ எமி, இத்தோ யுமி ஆகியோரை நடிக்க வைத்ததால் எண்ணிக்கையும் இரண்டாயிற்று.) குழுவில் வந்த நெல்சன் என்னும் ரோலிசிகா நாட்டு வணிகன், எதிர்த்த தீவு மக்களைச் சுட்டுவிட்டு அச்சிறுமியரைக் கவர்ந்து வந்து, தோக்கியோ நாடக அரங்கில் கட்டணம் வைத்துக் காட்சிப்பொருளாக்குகிறான். அவன் விருப்பப்படி அவர்கள் மேடையில் பாடும் பாட்டுத்தான் நான் திண்ணையில் கேட்டது. கூடியிருந்தோர் அதனைக் கேளிக்கையாகக் கேட்டனர். உண்மையில் அது தம் காவலை அழைத்த அழைப்பு. துஆவின் வேர்ப்பொருளே அழைத்தல் என்று முன்னர்ச் சொன்னேன். பாட்டெழுதியோர் இதனை எண்ணிச் செய்திருக்க மாட்டார்கள்; ஆயினும் பொருந்திவிட்டது.

மோஸுரா வருகிறது. வழியில் ஓர் அணை உடைகிறது. தோக்கியோவின் தெருக்கள் நொறுங்குகின்றன. நெல்சனின் குற்றத்தில் எவ்விதப் பங்குமில்லாத மனிதர் துன்புறுகின்றனர். மோஸுராவிற்கு நல்லவர் தீயவர் என்னும் வேறுபாடு தெரியாது, அது எங்களைக் கொண்டுபோகவே வருகிறது என்று சிறுமியர் வருத்தத்தோடு சொல்வார்கள். காவல் என்பதை இவ்வளவு கலக்கத்தோடு காட்டிய கதைகள் குறைவே. நம் ஊர்களில் சொல்லப்படும் காவல் தெய்வக் கதைகளில், தெய்வம் குற்றவாளியைத் தேடிப்பிடித்துத் தண்டிக்கும். இப்பூச்சியோ நேர்கோட்டில் வரும். கோட்டின் நடுவே எது நின்றாலும் அதன் பாடு.

படத்தில் அது கூடு கட்டுவது 1958-இல் எழும்பிய 333 மீட்டர் உயரத் தோக்கியோ கோபுரத்தில். மூலக்கதையில் அப்படியன்று, நாடாளுமன்றக் கட்டடத்தின்மேல் கூடு கட்டும். கதை வெளிவருவதற்கு ஏழு மாதங்களுக்கு முன் அந்நாடாளுமன்றத்தைச் சூழ்ந்து இலட்சக்கணக்கானோர் நின்றிருந்தனர். அமெரிக்காவோடு செய்த பாதுகாப்பு உடன்படிக்கையைப் புதுப்பிப்பதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி அது. 1960 ஜூன் 15 அன்று நாடாளுமன்ற வளாகத்தினுள் மாணவி ஒருவர் உயிரிழந்தார். அமெரிக்க அதிபர் ஐசனோவரின் வருகை கைவிடப்பட்டது. உடன்படிக்கை மட்டும் நிறைவேறியது. அதனை நிறைவேற்றிய தலைமை அமைச்சர் கிஷி, போர் முடிந்தபின் போர்க்குற்ற ஐயத்தின்பேரில் மூன்றாண்டுகள் சிறையிலிருந்தவர். கிளர்ச்சிக்குப் பின் பதவி விலகினார். இவ்வளவும் கண்முன் நிழலாட, ஹொத்தாவின் பூச்சி நாடாளுமன்றத்தைத் தேடிப் போனதில் வியப்பில்லை. படம் எடுத்த 'தோஹோ' நிறுவனமோ கோபுரத்தைத் தேர்ந்துகொண்டது. வணிகர்க்குக் கோபுரம் பாதுகாப்பானது.

முடிவுப் பகுதியும் அவ்வாறே மாறியது. முதலில் ஜப்பானின் கியூஷூ மலைகளில் கதையை முடிக்க எண்ணியிருந்தனர். அமெரிக்காவில் படத்தை வெளியிட இருந்த கொலம்பியா நிறுவனம் மேலைநாட்டு நகரமொன்றில் முடிவு அமைய வேண்டும் என்று விரும்பவே, 'நியூ கிர்க்' என்னும் ரோலிசிகா நகரம் உருவாயிற்று. அங்கு நெல்சன் வீழ்கிறான். தேவாலய மணிகள் ஒலிக்கின்றன. விமான நிலையத் தரையில் மோஸுராவின் குறியை வரைந்து அதனை இறங்கச் செய்து, சிறுமியரை ஒப்படைக்கின்றனர். அமெரிக்காவைச் சாடும் கதைக்கு அமெரிக்கப் பணமே முடிவு எழுதியது ஒரு வேடிக்கை.

இதுவரை எழுதியதில் ஜப்பான் பாதிக்கப்பட்டோர் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் என் மனத்தில் அந்த இந்தோனேசியச் சொற்கள் ஒலித்துக்கொண்டே இருந்தன. தென்கடல் தீவு மக்களின் மொழி என்று காட்ட ஜப்பானியர்க்கு இந்தோனேசிய மொழி ஏன் நினைவிற்கு வந்தது? பாட்டை முதலில் ஜப்பானிய மொழியில் எழுதி, பின்னர்ப் பெயர்த்தனர். அம்மொழி அறியாத பாடகியர், மக்தபில் பொருளறியாமல் ஓதப் பழகும் நம் பிள்ளைகளைப் போல், ஒலிகளை மனப்பாடம் செய்து பாடினர். ஜப்பானுக்கும் அம்மொழிக்கும் அதற்கு முன் ஏற்பட்ட தொடர்பு பாட்டுத் தொடர்பு அன்று.

1942 மார்ச்சில் ஜாவாவைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை 1945 ஆகஸ்ட் வரை இந்தோனேசியாவை ஆண்டது. டச்சுக்காரரிடமிருந்து ஆசியாவை விடுவிக்க வந்தோம் என்றே சொல்லி வந்தது. சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் அரணுக்கும் பல இலட்சம் ஜாவானியரைக் கட்டாய வேலைக்கு இழுத்தது. திரும்பி வராதோர் மிகப் பலர். அவ்வாறு இழுக்கப்பட்டோரை ஜப்பானியர் 'ரோமுஷா' என்றனர். வேலையாள் என்பதே அச்சொல்லின் பொருள். இன்றும் இந்தோனேசிய மொழியில் அச்சொல் உண்டு. அடிமை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டவன் என்பது அங்கு அதன் பொருள். மொழி எதையும் மறப்பதில்லை. அரபு வணிகரும் அறிஞரும் போன வழியில் 'டோஆ' தங்கிற்று. தமிழ்க் கப்பல்கள் போன வழியில் 'கப்பால்' தங்கிற்று, நம் கடை 'கெடாய்' ஆயிற்று. மூன்றரை ஆண்டு ஆண்ட ஜப்பான் விட்டுச்சென்றது 'ரோமுஷா'.

மலாயாவில் நடந்ததும் நம்மவர்க்குத் தெரியாததன்று. சயாம், பர்மா இருப்புப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் எத்தனை ஆயிரம்! 415 கிலோமீட்டர்ப் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளரின் எண்ணிக்கை, மேலைநாட்டுப் போர்க்கைதிகளினும் பன்மடங்கு. கைதிகளின் கல்லறைகள் பெயரோடு இருக்கின்றன, தொழிலாளர்க்குப் பெயருமில்லை. பினாங்கில் கடை வைத்திருந்த என் பாட்டனார் ஜப்பான் காலத்து நோட்டொன்றைப் பெட்டகத்தில் வைத்திருந்தார். வாழைமரம் அச்சிட்ட பத்து டாலர் நோட்டு. 1945-இல் ஒரே நாளில் வெறுந்தாளாகிப்போன அதனைக் காட்டி, "கடைச் சரக்கெல்லாம் போய் இதுதான் மிஞ்சியது" என்பாராம்.

படத்தை உருவாக்கியோர் இவ்வரலாற்றுக்கு அயலார் அல்லர். தந்திரக் காட்சிகளை அமைத்த த்ஸுபுராயா எய்ஜி, 1942 டிசம்பரில் வெளிவந்த 'ஹவாய், மலாயா கடற்போர்' என்னும் போர்ப் பிரசாரப் படத்தில் சிறு உருவங்களைக் கொண்டு முத்துத் துறைமுகத் தாக்குதலைப் படைத்துக் காட்டியவர். மலாயாக் கடலில் 1941-இல் மூழ்கிய பிரிட்டானியப் போர்க்கப்பல்கள் அப்படத்தில் மீண்டும் மூழ்கின. தோக்கியோவை மோஸுரா மிதிக்கக் கட்டிய பொம்மை நகரம் அதே கைத்திறனின் தொடர்ச்சி. இசையமைத்த கோசெகி யூஜி, 1937-இல் படைவீரர் பாசறைப் பாட்டிற்கும், 1943-இல் இளம் விமானப் படை மாணவர் பாட்டிற்கும் இசை தந்து நாட்டையே பாட வைத்தவர். போருக்குப் பின் 1949-இல் அவரே 'நாகசாகியின் மணிகள்' என்னும் துயரப் பாட்டிற்கும் இசையமைத்தார். மோஸுராவை அழைக்கும் பாட்டும் அவரதே. இயக்குநர் ஹோந்தா இஷிரோ பலமுறை படைக்கு அழைக்கப்பட்டுச் சீனாவில் ஆண்டுக்கணக்கில் கழித்தவர். 1946-இல் தாயகம் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் சாம்பலைக் கண்டவர்.

இவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. பாசறைப் பாட்டிற்கு இசை தந்தவர் பன்னிரண்டு ஆண்டு கழித்து நாகசாகிக்காக அழுவது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் எண்ணவில்லை. ஆயினும் படத்தில் ஒரு மறைப்பு இருக்கிறது. துப்பாக்கி எடுப்பவன் ரோலிசிகாவின் நெல்சன்; தீவு மக்களிடம் இரக்கம் கொள்வோர் ஜப்பானியர். அத்தீவு மக்களாக நடிப்போரும், தோலுக்குக் கருஞ்சாயம் பூசிய ஜப்பானிய நடிகர்களே. மார்ஷல் தீவுகளை அமெரிக்கர் கைக்கொள்ளும்முன் 1914 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆண்டது ஜப்பான் என்பதைப் படம் பார்க்கும் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1964-இல் அதே இயக்குநர் அதே பூச்சியை மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தார். இம்முறை ஜப்பானைக் கோஜிரா தாக்குகிறது. மோஸுராவின் உதவியைக் கேட்டுச் செய்தியாளர் சிலர் குழந்தைத் தீவிற்குச் செல்கின்றனர். தீவு இப்போது பசுமையற்றுக் கிடக்கிறது, வெள்ளெலும்புகள் சிதறியிருக்கின்றன. நீங்கள் மூட்டிய நெருப்பல்லவா இதனை எரித்தது, உங்களுக்கு ஏன் உதவ வேண்டும் என்று தீவின் தலைவர் கேட்கிறார். முதற்படத்தில் ரோலிசிகாவைச் சுட்டிய விரல், இங்கு வந்து நிற்கும் ஜப்பானியரையும் சேர்த்துச் சுட்டுகிறது. குண்டு வெடித்தவர் நாங்கள் அல்லர் என்று அவர்கள் வாதிடவில்லை. சிறுமியர் இருவரும் மறுத்துவிடுகின்றனர். கெஞ்சிக் கெஞ்சி நின்றபின், மோஸுரா தானே தலையசைத்து ஒப்புக்கொள்கிறது. அப்போது அது முதுமையுற்றிருக்கிறது. போனால் திரும்பி வர இயலாது என்று சிறுமியர் சொல்லிவிட்டே அனுப்புகின்றனர். அது போய்ப் போரிட்டு, தன் முட்டையின்மீது சிறகை விரித்தபடி இறக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த இரு புழுக்கள் பட்டு நூலை உமிழ்ந்து கோஜிராவைக் கட்டிக் கடலில் வீழ்த்திவிட்டு, சிறுமியரை ஏற்றிக்கொண்டு நீந்திப் போகின்றன.